தில் எங்கே வலிக்கிறது

2006-இல் நான் துபாயில், தேரா படகுத்துறைக்குப் பின்னால் இருந்த ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிஸ்தா, பாதாம், காய்ந்த அத்தி, குங்குமப்பூ எல்லாம் ஈரானிலிருந்து மரக்கலங்களில் வந்து இறங்கும். கிடங்குப் பொறுப்பாளர் ஷிராஸ்காரர், அறுபதை நெருங்கியவர். எல்லோரும் அவரை ‘ஆகா’ என்பார்கள், நானும் அப்படித்தான். அவருக்கு நான் ‘தாதாஷ்’, அதாவது தம்பி. எங்களுக்குள் ஓடியது துபாய்க்கே உரிய உடைந்த இந்தி.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஆகா பிஸ்தா மூட்டை ஒன்றின் மேல் சரிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கையை நெஞ்சுக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டு, “ஆய் தெலம்... தெலம் தர்த் மீகொனெ” என்று முனகினார்.

அப்போது எனக்குப் பாரசீகம் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொற்களும் இந்தி தெரிந்த எவருக்கும் புரிந்துவிடும். தில் என்றால் இதயம், தர்த் என்றால் வலி.

அப்பா இறந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. திருச்சியில் ஒரு ராத்திரி, “நெஞ்சு என்னமோ பண்ணுதுடா” என்றார். அதற்கு முன்னும் பலமுறை நெஞ்செரிச்சல் என்று சொன்னவர்தான். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ராத்திரி எனக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதனால் ஆகாவிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டாக்சியில் ஏற்றி, அவசரப் பிரிவில் கொண்டுபோய் இறக்கி, “ஹார்ட், ஹார்ட்” என்று கத்தினேன். சட்டையைக் கழற்றி ஈசிஜி வயர்களை ஒட்டினார்கள்.

வந்த மருத்துவர் ஈரானியப் பெண்மணி. குனிந்து அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கல்பெத் தர்த் மீகொனெ, யா தெலெத்?”

“தெலம், கானும் தொக்தொர், தெலம்” என்றார் ஆகா, வயிற்றைத் தொட்டுக் காட்டி.

ஈசிஜி நல்லபடியாகவே இருந்தது. விடியற்காலையில் கல்லெபாச்செ, நம் ஊர் தலைக்கறியும் ஆட்டுக்கால் பாயாவும் சேர்ந்தாற்போன்ற ஒரு கனத்த சாப்பாடு, வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவர்தான் எனக்கு விளக்கினார். இன்றைய ஈரானில் தெல்தர்த் என்றால் வயிற்றுவலி. உடம்புக்குள் துடிக்கும் இதயத்துக்கு மருத்துவமனையிலும் வீட்டிலும் ‘கல்ப்’ என்ற அரபுச் சொல்தான். மாரடைப்புக்கு ‘செக்தெ-யெ கல்பி’. காதலில், கவிதையில், ஏக்கத்தில் மட்டும் தெல் இன்னும் இதயம்தான். வலி என்று வந்தால் அது வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது.

அப்பாவுக்கு இதயத்தை வயிறு என்று நினைத்தோம். ஆகாவுக்கு வயிற்றை இதயம் என்று நினைத்தேன். வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஆகா என் தோளில் கை வைத்து, “தஸ்தெத் தர்த் நகொனெ, தாதாஷ்” என்றார். உன் கை வலிக்காமல் இருக்கட்டும் என்பது அதன் நேர்ப்பொருள். பாரசீகத்தில் நன்றி சொல்லும் முறை அது.

அன்று தொடங்கியதுதான் இந்தச் சொல்லின் மேல் எனக்கு வந்த பைத்தியம். பல வருடங்களாகத் தேடிப் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகா சொன்ன ‘தஸ்த்’திலிருந்தே தொடங்கலாம், இதயத்துக்கு வழி கை வழியாகத்தான் திறக்கிறது. தஸ்த் என்றால் கை. சமஸ்கிருதத்தில் ஹஸ்தம். பழைய ஈரானியச் சமயத்தவரான ஜொராஸ்டிரியர்களின் வேதம் அவெஸ்தா, அதன் மொழியில் அது ‘ஃஜஸ்த’. (ஜீப்ரா என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது முதலில் வருமே, அந்த உரசல் ஒலியைத்தான் ஃஜ என்று எழுதுகிறேன்.) பழைய பாரசீகத்திலோ ‘தஸ்த’. ஈரானின் மேற்கே பெஹிஸ்தூன் மலைப்பாறையில் கி.மு. 520-ஐ ஒட்டிப் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டில் இந்தச் சொல் இருக்கிறது. கலகம் செய்தவர்களைக் கடவுள் அகுர மஸ்தா என் கையில் கொடுத்தார் என்று சொல்லும் இடத்தில் ‘தஸ்தயா’ என்று வருகிறது.

ஹ, ஃஜ, த. சமஸ்கிருதத்தில் ஹ நிற்கும் இப்படிப்பட்ட இடங்களில் அவெஸ்தாவில் ஃஜ-வும், பார்ஸ் பகுதியின் மொழியான பாரசீகத்தில் த-வும் நிற்கின்றன. ‘நான்’ என்பதற்கு சமஸ்கிருதத்தில் அஹம், அவெஸ்தாவில் அஃஜெம், தாரியஸின் கல்வெட்டில் அதம். இதற்குப் பக்கத்திலேயே ஜ-வில் தொடங்கும் சொற்களுக்கும் இதே ஒழுங்கு உண்டு. மாப்பிள்ளைக்கு சமஸ்கிருதத்தில் ஜாமாதா, அவெஸ்தாவில் ஃஜாமாதர், பாரசீகத்தில் தாமாத். இந்தியில் மாப்பிள்ளையை தாமாத் என்று கூப்பிடுகிறார்களே, அது பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்த வடிவம்.

இதே வழியில் இதயத்தை வைத்துப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் ஹ்ருத், ஹ்ருதய. அவெஸ்தாவில் ஃஜெரெத், ஃஜெரெதய. அப்படியானால் பாரசீகத்தின் மூத்த வடிவம் ‘த்ருத்’ போல ஒன்றாக இருந்திருக்க வேண்டும். த வந்துவிட்டது. ‘ல்’ எங்கிருந்து வந்தது?

பாரசீகம் தன் நடுக்காலத்தில் ‘ர்த்’ என்ற கூட்டொலியை ‘ல்’ ஆக்கிக்கொண்டது. சமஸ்கிருதத்தில் சரத் என்பது கூதிர்காலம், நம் பஞ்சாங்கத்திலும் சரத் ருது உண்டு. அவெஸ்தாவில் அதே சொல் ‘சரெத்’, வருடம் என்ற பொருளில். பாரசீகத்தில் அது ‘சால்’ ஆயிற்று. ரோஜாவுக்கு ஈரானியத்தில் பழைய சொல் ‘வர்த்’. ஆர்மீனியர்கள் கடன் வாங்கி இன்றும் வர்த் என்றே சொல்கிறார்கள். பாரசீகத்திலோ அது ‘குல்’. குல்கந்து டப்பாவைத் திறக்கும்போது நாம் தொடுவது அந்தக் குல்லைத்தான். இன்னொன்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தலைவன் என்ற பொருள்படும் சர்தார், சாலார் இரண்டும் ஒரே சொல். ர்த் மாறி ல் ஆன வடிவம் சாலார். தலை என்ற ‘சர்’ரையும் உடையவன் என்ற ‘தார்’ரையும் மறுபடி ஒட்டிச் செய்தது சர்தார். ஹைதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு முன்னால் நின்றபோது இதை நினைத்துக்கொண்டேன்.

ஆக, த்ருத் என்பது தில் ஆனதில் ஒரு விபத்தும் இல்லை. ஹ்ருதயத்துக்கும் தில்லுக்கும் உறவு இருப்பது காதுக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. சங்கத் தமிழில் ‘தில்’ என்று ஓர் இடைச்சொல் உண்டு. தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் முதல் பொருள் விழைவு, அதாவது ஆசை. குறுந்தொகைத் தலைவன் ‘பெறுகதில்’ என்கிறான், அவளை நான் பெறவேண்டும் என்ற ஏக்கத்தில். இதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆசையும் இதயமும் ஒரே ஒலியில்! ஆனால் குறுந்தொகை பாடப்பட்ட காலத்தை ஒட்டித்தான் பாரசீகத்தில் ர்த் என்பது ல் ஆக உருகிக்கொண்டிருந்தது. தமிழ்த் தில் தனித்து நிற்கும் பெயர்ச்சொல்லும் கிடையாது, வினையோடு ஒட்டிக்கொள்ளும் இடைச்சொல். இரண்டுக்கும் நடுவே எந்தப் பாதையும் இல்லை. எவ்வளவு அழகாக ஒத்துப்போனாலும் இதை உறவு என்று எழுத எனக்கு மனம் வராது. இப்படி ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு உலக மொழிகளையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கும் காணொளிகள் தினமும் வாட்ஸப்பில் வருகின்றன. மொழியை உண்மையாகவே நேசிப்பவர்கள் அவற்றை அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது என்று நினைக்கிறேன்.

த-வுக்கும் ஃஜ-வுக்கும் நடுவே ஈரானிய மொழிகளில் ஓடும் கோடு இன்றைக்கும் அழியவில்லை. காகசஸ் மலையில் ஒஸ்ஸேத்தியர்கள் இதயத்தை ‘ஃஜர்த’ என்கிறார்கள். துருக்கியின் கிழக்கே ஃஜாஃஜா மொழியில் ‘ஃஜெர்ரி’. பலூச்சியில் ‘ஃஜிர்த்’. பட்டுப்பாதையில் கோத்தான் நகரத்தில் ஒரு காலத்தில் பேசப்பட்டு மறைந்த சக மொழியிலும் ஃஜ-வில்தான் தொடங்கியது. துபாயில் டாக்சி ஓட்டும் பட்டான் ஒருவரிடம், உங்கள் பாஷையில் தில்லுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சிக்னலில் வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை மார்பில் வைத்து, “ஃஜ்ற” என்றார். நாக்கு மடிந்து எழும் அந்த ற-வைத் தமிழில் சரியாக எழுத முடியவில்லை. அவெஸ்தாவின் ஃஜெரெதய தேய்ந்து தேய்ந்து ஒரே அசையாகத் துபாய்ச் சிக்னலில் என் காதில் விழுந்தது.

குர்து மொழியில் மட்டும் கோடு கலைகிறது. அது ஃஜ பக்கத்து மொழி. அறிவதற்கு ‘ஃஜான்’, மாப்பிள்ளைக்கு ‘ஃஜாவா’. ஆனால் இதயத்துக்கு ‘தில்’, கைக்கு ‘தெஸ்த்’. இவை இரண்டும் பாரசீகத்திலிருந்து போனவை என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டு அவ்வளவு இனிமையாக இருந்திருக்க வேண்டும். ஷிராஸின் ஹாஃபிஸ், 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர், ஒரு கஸலை ‘தில் மீரவத் ஃஜி தஸ்தம்’ என்று தொடங்குகிறார். என் இதயம் கையை விட்டுப் போகிறது என்று பொருள். ஆகா மூட்டை எண்ணும்போது இதை முணுமுணுப்பார். தில்லும் தஸ்தும் ஒரே அடியில்!

ஆகா ‘தெல்’ என்றார், நாம் ‘தில்’ என்கிறோம். இதில் பழையது நம்முடையதுதான். ஈரானில் பின்னாளில் இ என்ற ஒலி எ ஆகச் சாய்ந்துவிட்டது. ஆப்கானிஸ்தானத்திலும் தாஜிகிஸ்தானிலும் இந்தியாவிலும் ஹாஃபிஸ் காலத்து ‘தில்’ அப்படியே தங்கிவிட்டது.

நடுக்காலப் பாரசீகத்தில் இந்தச் சொல் எழுதப்பட்ட விதம் இன்னும் விசித்திரமானது. பஹ்லவி எழுத்தர்கள் தில் என்று எழுதமாட்டார்கள். இதயத்துக்கு அரமேயம் என்ற அயல்மொழியில் உள்ள சொல்லின் எழுத்துகளை, ல-ப-ப என்று போகும் அந்த எழுத்துகளை, எழுதிவிட்டு வாயால் ‘தில்’ என்று படிப்பார்கள். நம் ஓலைச்சுவடியில் ௰ என்ற குறியைப் பார்த்துப் பத்து என்று படிப்பதைப்போல. அப்படியானால் வாயில் என்ன ஒலித்தது என்று எப்படித் தெரியும்? மத்திய ஆசியாவின் துர்ஃபான் பாலைவனத்தில், 1902-க்குப் பிறகு ஜெர்மானியக் குழுக்கள் மணல் மூடிய இடிபாடுகளிலிருந்து கட்டுக்கட்டாகக் கிழிந்த தாள்களை எடுத்தன. மானி சமயத்தவரின் நூல்கள் அவை. எஃப். டபிள்யூ. கே. முல்லர் 1904-இல் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். மானி சமயத்தவர்கள் ஒலிக்கிறபடியே எழுதும் வழக்கமுள்ளவர்கள். அந்தத் தாள்களில் பாரசீகத் துண்டுகளில் ‘தில்’ என்றும், அதன் அண்டை மொழியான பார்த்தியத்தில் உள்ள துண்டுகளில் ‘ஃஜிர்த்’ என்றும் இருக்கிறது. அந்தக் கோட்டின் இரண்டு கரைகளும் ஒரே மணலுக்கு அடியில் கிடந்தன.

இன்னும் பின்னால் போனால் ஒரு முடிச்சு வருகிறது. கிரேக்கத்தில் கார்தியா, நம் ஆஸ்பத்திரிப் பலகைகளில் உள்ள கார்டியாலஜி அதுதான். லத்தீனில் கோர். லிதுவேனியத்தில் ஷிர்திஸ், ரஷ்ய மொழியில் சேர்த்சே, ஆர்மீனியத்தில் சிர்த். மேற்கே க, கிழக்கே ச அல்லது ஷ. இந்த ஒழுங்கின்படி சமஸ்கிருதத்தில் ‘ச்ருத்’ என்றும் ஈரானியத்தில் ‘சர்த்’ என்றும்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஹ-வும் ஃஜ-வும். இந்தோ-ஐரோப்பியம் என்ற இந்த மொழிக்குடும்பம் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, இந்தக் கிளை மட்டும் விலகி நிற்கிறது. வேதம் பாடியவர்களின் முன்னோரும் அவெஸ்தா பாடியவர்களின் முன்னோரும் பிரிவதற்கு முன்பே, ஒன்றாக இருந்த காலத்தில் இந்தத் திரிபு நடந்திருக்க வேண்டும், இரண்டிலும் ஒரேமாதிரி திரிந்திருக்கிறதே. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைக் குறித்த வேறொரு சொல்லின் முதல் ஒலி இதில் தொற்றிக்கொண்டது என்று ஒரு விளக்கம் உண்டு. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் ஆகாவின் வயிற்றுவலிக்குப் பிறகு எனக்கு அந்த விளக்கத்தின் மேல் ஒரு தனிப் பிரியம்.

பழைய ‘ச’ எங்கும் தப்பவில்லையா? தப்பியிருக்கிறது. இதயத்தை ஒன்றின் மேல் வைப்பது என்ற பொருளில் ஒரு கூட்டுச்சொல் மிக முன்னாலேயே உறைந்துவிட்டது. லத்தீனில் அது க்ரேதோ, நம்புகிறேன் என்று பொருள். கிரெடிட் கார்டின் கிரெடிட் அதிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் ச்ரத்தா. தமிழில் சிரத்தை. இதயம் என்ற தனிச்சொல் திரிந்தபோது, இந்தக் கூட்டுச்சொல்லுக்குள் ஒளிந்திருந்த இதயம் மட்டும் திரியாமல் நின்றது. அவெஸ்தாவில் இது ‘ச்ரஃஜ்தா’ என்று இருக்க வேண்டும், ஆனால் ‘ஃஜ்ரஃஜ்தா’ என்று இருக்கிறது. அதைச் சொன்னவர்களுக்கு நம்பிக்கைக்குள் இதயம் இருப்பது இன்னும் தெரிந்திருக்கிறது. அதனால் ஃஜெரெத்தின் முதல் எழுத்தையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு எழுத்துக்காக எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவெஸ்தாவின் பழைய பகுதியான ஜரதுஷ்டிரரின் காதைகளில் ‘ஃஜெரெதாசா மனங்ஹாசா’ என்று ஓரிடம் உண்டு. இதயத்தாலும் மனத்தாலும் என்று பொருள். ரிக்வேதத்தில் இந்திரனைப் பாடும் இடத்தில் ‘ஹ்ருதா மனசா’ என்று அதே ஜோடி வருகிறது. ஒரே தாய்வீட்டில் பாடிய பாட்டின் இரண்டு எதிரொலிகள்.

இந்தச் சொல் வீரத்துக்குப் போனதையும் சொல்ல வேண்டும். பாரசீகத்தில் துணிந்தவன் திலாவர், திலேர். பட்டான்களின் பஷ்தூவில் ‘ஃஜ்றவர்’. அதே பாதையில்தான் இந்துஸ்தானி வழியாகச் சென்னைக்கு வந்த தில், இதயத்தை விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டது. “தில் இருந்தா முன்னால வா” என்று தெருவில் கேட்கும்போது அதில் காதல் ஒரு துளியும் இல்லை. நமக்கு ஏற்கெனவே நெஞ்சும் உள்ளமும் அகமும் இருந்தன, இதயமும் வந்துவிட்டிருந்தது. காலியாக இருந்த இடத்தில் தில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே வந்த ஜிகருக்கு மதுரையில் இடம் கிடைத்தது. ஜிகர் என்றால் ஈரல். அவெஸ்தாவில் யாகரெ, சமஸ்கிருதத்தில் யக்ருத், முதல் ய பாரசீகத்தில் ஜ ஆயிற்று. விளக்குத்தூண் பக்கம் கோடை வெயிலில் கடல்பாசி மிதக்கும் அந்தக் குவளையைக் கையில் வாங்கும்போது, ஈரல் குளிரட்டும் என்று யாரோ நம்மை வாழ்த்துகிறார்கள்.

ஆகா 2011-இல் ஷிராஸுக்குத் திரும்பிவிட்டார். நானும் ஊருக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அப்பாவின் திவசம். அம்மா மண்டபம் படித்துறையில் காவிரி இறங்கி ஓடியது. எள்ளும் தண்ணீரும் விரல் வழியே வழியும்போது, அருகில் இருந்த சாஸ்திரிகள் சிராத்தம், சிராத்தம் என்று சொல்லிக்கொண்டே போனார். சிரத்தையோடு செய்வது சிராத்தம். உள்ளே அந்தப் பழைய ச, அந்தப் பழைய இதயம். எந்த இதயம் நின்று அப்பா போனாரோ, அதன் பெயரைத்தான் வருடத்துக்கு ஒருமுறை ஆற்றங்கரையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கை ஈரத்தைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

படியேறி வந்து செல்போனைப் பார்த்தால் ஆகாவின் குரல் செய்தி. குரல் தளர்ந்திருந்தது. பின்னால் யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்கும் சத்தம். “தாதாஷ், தெலம் பராத் தங்க் ஷொதெ.” உனக்காக என் தில் குறுகிப்போய்விட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த முறை எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் தமிழில் சொன்னேன், “என் நெஞ்சும்தான், ஆகா.” பிறகு அவருக்குப் புரியும்படி இந்தியில் சொன்னேன்.